திங்கட்கிழமை வீடு

படிக்கட்டில் சுருண்டு கிடந்தவனின் காலைத் தாண்டி
பள்ளிக்கூடப் பையோடு இறங்கிய மிதுஷா
ஒருநாள்
'பர்தோன், மிசியு' என்றாள்.
அவ்வளவுதான்.
பயந்து அழுதிருந்தால்
இன்னும் ஒரு வருசம் அங்கேயே இருந்திருப்போம்.
சுகந்தினியின் கையில் தேத்தண்ணி தளும்பியது
பிள்ளையின் குரல் நடுங்காததால்.

அதற்கு முன்னும் நடந்ததுதான் எல்லாம்.
கீழே தபால் பெட்டிகளுக்கு நெருப்பு வைத்தார்கள்.
விசாக் கடிதம் கருகிப் போனது,
மின்சார பில் தப்பியது.
வாசற்கதவின் ரகசிய இலக்கத்தை மூன்று தரம் மாற்றினார்கள்,
மூன்று தரமும்
எங்களுக்கு முதல் தெருவுக்குத் தெரிந்திருந்தது.
லாச்சப்பலில் மரக்கறிப் பையோடு நடக்கும்போது
கைப்பையை வயிற்றோடு அணைக்காத பெண் யார்?

வங்கிக்காரி இளம் பெண்.
இருபத்தைந்து வருசம் என்று எழுதி
அதைச் சுற்றி அழகாய் வட்டம் போட்டாள்.
அறுபத்தொன்பது வயதில்
எனக்கென்று நாலு சுவர்.
கையெழுத்து வைத்தேன்.

கோம்-லா-வில்.
ரயிலில் ஐம்பது நிமிடம், நடை பன்னிரண்டு.
பச்சைக் கதவு, ஒரு செர்ரி மரம்,
பக்கத்தில் மதாம் பெஸ்நார்:
வேலிச்செடியை நூல் பிடித்து வெட்டுகிறவர்.

முதல் இரவு
'என்ன சத்தம் அது?' என்றாள் சுகந்தினி.
எழும்பி, எல்லா லைட்டையும் போட்டு
மேலும் கீழும் தேடினேன்.
குளிர்சாதனப் பெட்டி.
பத்து வருசமாய் எங்களோடு இருந்த அதே பெட்டி.
அது இப்படி முனகும் என்று
அன்றைக்குத்தான் தெரியும்.

கடைசி ரயில் பன்னிரண்டு நாற்பத்தொன்று.
குசினி கழுவி முடிய ஒன்று இருபது.
வீடு பார்க்கப் போனபோது
சதுர மீற்றர் அளந்தோம்,
கூரையின் ஈரத்தைத் தடவிப் பார்த்தோம்,
பள்ளிக்கூடம் வரைக்கும்
அவள் காலடி எண்ணியே நடந்தாள்.
இந்த முப்பத்தொன்பது நிமிடத்தை
ஒருத்தரும் அளக்கவில்லை.

ஆகவே நான்
மா மூட்டைக்கும் எண்ணெய்த் தகரத்துக்கும் நடுவில்
ஒரு மடக்குக் கட்டிலில்.
முதலாளி நல்லவர், வாடகை கேட்கவில்லை;
காலையில் வெங்காயம் மட்டும்
உரித்து வைக்கச் சொன்னார்.

பழைய கட்டிடம் இங்கிருந்து ஐந்து நிமிடம்.
சைரன் கேட்டால்
எந்தச் சந்தியில் திரும்புகிறது என்று சொல்லுவேன்.
போத்தல் உடையும், யாரோ யாரையோ திட்டுவான்,
நாய் குரைக்கும்.
வெட்கமாய்த்தான் இருக்கிறது,
அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் கண் அயர்கிறது.

இரவு போனில் சுகந்தினி குசுகுசுக்கிறாள்.
'ஏன், பிள்ளை நித்திரையோ?'
'இல்லை. இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் கதைக்கினம்.'
மதாம் பெஸ்நார் கேட்டாராம், தனியாகவா இருக்கிறாய் என்று.
திங்கட்கிழமைகளில் அவர் வருவார் என்றாளாம் இவள்.
மதாம் இவள் கையைப் பிடித்து
'எனக்கு விளங்குது' என்றாராம்.
அடுத்த நாள் ஒரு கேக் வந்ததாம்.
என்ன விளங்கியதோ.

திங்கட்கிழமை.
கதவடியில் என் விரல்
இல்லாத இலக்கங்களைத் தேடி
பிறகுதான் சாவியை எடுக்கிறது.
எங்கள் வீட்டு மரப்படி, ஏழே ஏழு படி.
சப்பாத்துக் கழற்ற அதில் இருந்தவன்
அப்படியே சரிந்துவிட்டேன் போல.

பையின் வார் முகத்தில் உரசியது.
எழுப்பவில்லை.
பழகின காலால் என்னைத் தாண்டினாள்,
ஒரு மூச்சளவு 'பர்தோன்'.
பிறகு மேலே எங்கேயோ,
இந்த ஊர்க்காரியின் மெல்லிய குரலில்,
'அம்மா, அவர் வந்திட்டார்.'