எதிர் எடை

ஞாயிறு நாலு மணிக் கூட்டத்தில் ஒன்பது பேர்.
தலைக்கு நூற்றிருபது ரூபாய், செருப்பு வெளியே.
ராஜவீதிக்குப் பின்னால் சண்முகவிலாஸ் ஹால்.
"முன்வாசல்ல எல்லாரும்தான் போவாங்கோ,
நாம இப்படி வாங்கோ" என்று
சந்துக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள்
வழிகாட்டி செல்வநாயகி.
கழுத்தில் அட்டை, இடுப்பில் குட்டி ஸ்பீக்கர்.

எனக்குப் பின்வாசல் புதிதில்லை.
லிப்ட் மெக்கானிக் நான்.
கோயமுத்தூரின் நகைக்கடை, ஆஸ்பத்திரி, மண்டபம்
எல்லாம் முதுகுப்பக்கமாகவே பழக்கம்.
நகைக்கடையின் முதுகில் எண்ணெய்ப் பிசுக்கு.
ஆஸ்பத்திரியின் முதுகில்
யாரோ மறந்த டிபன் கேரியர்.

முதலில் இடி.
ஆளுயர இரும்புத் தகடு, உத்தரத்தில் தொங்கியது.
சூலூர்ப் பையன் ஒருத்தன் குத்தினான்,
தகரம்தான் கேட்டது.
"குத்தக் கூடாதுங், உலுக்கோணும்."
உலுக்கினாள்.
சந்தில் யாராவது
காயப்போட்ட துணியை எடுக்க ஓடியிருப்பார்கள்.

பிறகு பலகையைத் தூக்கிக் காட்டினாள்.
சீதை பூமிக்குள் போன வழி:
ஏழு படி, கீழே ஒரு சிமெண்ட் மேடை.
போன சீதை அங்கே உட்கார்ந்து
பீடி பற்றவைப்பாராம்.
மேலே ஜனம் அழுது முடிக்கும்வரை
புகையை வேட்டிக்குள் ஊதுவாராம்.

துளசிமணியக்கா, பல்லடம்,
பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்டார்.
"பொம்பளைங்களுக்கு இங்கே ரூமே கட்டலீங்.
பொம்பளையா நடிச்சவிங்களுக்கு ஒண்ணு இருக்குதுங்,
பெரிய கண்ணாடியோட."
அக்கா அதற்குள் போய்
வெகுநேரம் கழித்து வந்தார்,
பொட்டு இடம் மாறியிருந்தது.

"மேலே பாக்காதீங், தூசி விழும்."
பார்த்தேன்.
பதினொரு கப்பி. பத்தில் கயிறில்லை.
கடைசிக் கப்பியிலிருந்து இறங்கி
என் நெஞ்சுக்கு நேரே
ஒரு கோணி மூட்டை.
கீழே கைகொடுத்துத் தாங்கினேன்:
நாற்பது கிலோ, கூடக் குறைய.

"இது என்னங்க?"
"மண் மூட்டைங். நொய்யல் மண்ணு."
"அது சரிங்க. அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

ஸ்பீக்கரை அணைத்தாள்.
"ஏழு மாசமாச் சொல்லிட்டிருக்கேனுங்.
ஒருத்தரும் கேக்கலீங்."

எடை சும்மா தொங்காது.
நாற்பது இங்கே இறங்கியிருந்தால்
நாற்பது எங்கேயோ ஏறியிருக்கிறது.
ஒன்பது செல்போன் வெளிச்சம் மேலே போனது.
ஒட்டடை. அதற்கு மேல் இன்னும் ஒட்டடை.

முளையைப் பார்த்தேன், முடிச்சைப் பார்த்தேன்,
முழு எடையையும் போட்டு மூன்றுதரம் இழுத்தேன்.
"எல்லாரும் ஓரமாப் போங்க."
கயிற்றை விட்டேன், ஒரு முழம், இரண்டு முழம்.
மூட்டை என் முகத்தைத் தாண்டி ஏறியது.
இருட்டிலிருந்து இறங்கியது
ஒரு நீலக் கோடு.
கூழாங்கல். தண்ணீர்.
பிறகு பாதம் இரண்டு,
நனைந்ததுபோல் வரைந்தது, நகத்தில் சிவப்பு.

"பொண்ணு காலு" என்றார் துளசிமணியக்கா.
"ஆம்பளைக் காலு, பெருவிரலைப் பாரு" என்றார் புருஷன்.
"நாப்பது வருசமா உங்க காலைப் பாக்கறேன்,
எனக்குத் தெரியாதா?"

கப்பி கிறீச்சிட்டது.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், நிறுத்தினேன்.
கொலுசுக்கு மேலே ஒன்றும் பார்க்கவில்லை.
சந்தில் அஞ்சு மணிக் கூட்டம்
செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது.
"மீதி மேலேயே இருக்கட்டுங்" என்றாள் செல்வநாயகி.
ஏற்றிக் கட்டினேன்.

மறுநாள் கணபதியில், ஆறு மாடி ஆபீஸ்,
மொட்டைமாடி மிஷின் ரூமில் கிரீஸ் கையோடு நின்றேன்.
கயிறு போகும் ஓட்டை வழியே
லிப்டுக்குள் ஒரு தனிக் குரல்:
"சார், போன மாசமே கேட்டனுங்க.
இல்ல. சார், ஒரு விசயமுங்க.
இல்ல. சார்..."

ஸ்பேனரைக் கீழே வைக்காமல் பிடித்திருந்தேன்.
நாலாவது மாடியில் கதவு திறந்தது.
அதற்கப்புறம் அவர் என்ன பேசினாரோ,
எனக்குக் கேட்கவில்லை.