நிலுவையின்மைச் சான்று

ஓய்வுக்கு இன்னும் நாலு நாள்.
உடற்கல்வித் துறை இருப்புப் பதிவேட்டை
மேசையில் விரித்து வைத்து
பேனா மூடியைக் கடித்தபடி கேட்கிறார்
எழுத்தர் கலியபெருமாள்:
"ஈட்டி ஆறு இருக்கணும். நாலுதான் இருக்கு."

ஒன்று தானே புயலில் போனது.
மறுநாள் வேப்பமரத்துக்கு அடியில்
மரத்தோடு சேர்ந்து முறிந்து கிடந்தது.
இன்னொன்றை தேசிங்கு எறிந்தான்,
மண்டலப் போட்டிக்கு முந்தின சாயங்காலம்.
தேவனாம்பட்டினத்துக் கடலில் விழுந்தது.
அளக்க முடியாத தூரம்,
ஆகவே தவறென்று கொடி காட்டினேன்.
இன்றைக்கும் மீன் ஏலத்தில் பார்த்தால்
அதைச் சொல்லித்தான் சிரிக்கிறான்.

தடைச் சட்டம் இருபதில் பதினொன்று.
தேர்தல் வரிசைக்கு வாங்கிப் போனவர்கள்
திருப்பித் தரவில்லை.
நாலு கிலோ இரும்புக் குண்டு
முதல்வர் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது,
போய்ப் பாருங்கள்.

எழுதிக்கொள்கிறார்.

இருபத்தொன்பது வருஷம்.
வெள்ளிக் கடற்கரை ஈரமணலில் காலை ஐந்தேகால்.
தெற்கிலிருந்து சிப்காட் வாடை வந்தால்
அன்றைக்கு நடை மட்டும்.
பிள்ளைகளுக்கு அவித்த முட்டை, கொண்டைக்கடலை,
அதற்குச் செலவுச் சீட்டு கிடையாது.
என் முழங்காலுக்கு வருஷம் ஓர் ஊசி.
பல்கலைக்கழக அளவில் ஒரே ஒரு கோப்பை,
அதுவும் மூன்றாமிடம்.
இதெல்லாம் பதிவேட்டில் வராது.

"ஸ்டாப்வாட்ச் பதினாலு மேடம்.
பதிமூணு இருக்கு. ஒன்பதாம் நம்பர் எங்க?"

கேப்பர் மலை ஏறும் ஓட்டம் அது.
செம்மண், முந்திரித் தோப்பு,
சிறைச்சாலை மதிலோரம் ஒரு சரிவு,
ஆறு கிலோமீட்டர்.
சுண்ணாம்புப் பொடியில் நான்தான் பாதை போடுவேன்.
பதினேழு வருஷமாக ஒரே பாதை.
அந்த வருஷம் மட்டும்
விருத்தாசலம் பஸ் நிற்கும் இடத்தைத்
தொட்டுக்கொண்டு போகும்படி போட்டேன்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

பவுனாம்பாள். இரண்டாம் ஆண்டு வேதியியல்.
தை பிறந்தால் கல்யாணமென்று
மாமனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள்.
கோட்டில் நிற்கும்போது கை நீட்டினாள்:
"ஒரு வாட்ச் குடுங்க மேடம்,
நேரம் பாத்து ஓடணும்."
கொடுத்தேன்.

ஆறரைக்கு விசில். ஏழுக்கு பஸ்.
மேட்டில் முதல் ஆளாகப் போனாள் என்று
தண்ணீர்க் குடத்தருகே நின்ற பையன் சொன்னான்.
புறப்பட்டவர்கள் நாற்பத்திரண்டு.
வந்து சேர்ந்தவர்கள் நாற்பத்தொன்று.

ஓடிப்போயிட்டா என்றது ஊர்.
அண்ணன்மார் மூன்று பேர் மைதானத்துக்கு வந்து
என் நாற்காலியை உதைத்துத் தள்ளினார்கள்.
"ஓடிப்போக நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்களா?"
முதல்வர் கேட்டார்.
மேட்டில் தலை குனியாதே,
மூச்சை வயிற்றிலிருந்து எடு,
திரும்பிப் பார்த்தால் ஒரு நொடி போகும்,
இதைத் தவிர வேறென்ன
சொல்லிக்கொடுத்தேன் இத்தனை வருஷமும்?
அதெல்லாம் அப்போது வாயில் வரவில்லை.
"தெரியாது சார்" என்றேன்.
அந்த வருஷ ஊதிய உயர்வு நின்றது.

அவளிடமிருந்து ஒரு வரி வந்ததில்லை.
திரும்பிப் பார்க்காதே என்றது நான்தானே.

"என்ன எழுதட்டும்? தொலைந்ததா, பழுதா?"

பயன்பாட்டில் உள்ளது என்று எழுதுங்கள்.

அப்படி எழுத இடமில்லையாம்.
முந்நூற்று நாற்பது ரூபாய் கட்டச் சொன்னார்.
கட்டினேன்.
ரசீதில் என் பெயரில் ஓர் எழுத்து தப்பு.
திருத்தச் சொல்லவில்லை.

வெளியே வெயில் இறங்கவில்லை.
யாரோ ஒரு பெண்
தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்,
எத்தனையாவது சுற்றோ.
கை தானாகக் கழுத்துக்குப் போனது.
கயிறு இல்லை. பதிமூன்றும்
உள்ளே அலமாரியில்.

அவள் வளைவைக் கடக்கும்போது
ஒன்று, இரண்டு என
வாயால் எண்ணத் தொடங்கினேன்.