அரை கிராம்

வடிதாளில் தங்கிய கறுப்பைக்
காயவைத்து எடை போடச் சொல்லியிருக்கிறார் ரொஹைடா டீச்சர்.
நான்காம் படிவம் மணியடித்ததும் ஓடிவிட்டது.
பெஞ்சில் நுரை காய்ந்த வட்டங்கள்,
ஹஃபிஸ் மறந்துபோன பாதுகாப்புக் கண்ணாடி.
ஜன்னலுக்கு வெளியே ஆயர் ஈத்தாம் மலை
மழைக்குள் பாதி.

பழுப்புப் போத்தலில் அது சும்மாதான் இருந்தது
போன தவணையிலிருந்து.
சும்மா என்பது நம் கண்ணுக்கு.
இருட்டு அலமாரிக்குள்
தண்ணீராகவும் காற்றாகவும்
பிரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.
மூடியைத் திருகியதும் ஒரு பெருமூச்சு.
இல்லை, குறிப்பேட்டில் அப்படி எழுதக்கூடாது.
ஆக்சிஜன்.

மாங்கனீஸ் டை ஆக்சைடு அரை கிராம்,
கரண்டி நுனியில் நாலைந்து மணிகள்.
போட்டதுதான் தாமதம்,
உலை பொங்குவதுபோல் பொங்கியது.
தணல்குச்சி குப்பென்று பற்றியதில்
கோகிலவாணி குச்சியையே கீழே போட்டுவிட்டாள்.
வரைதாளில் ஒரு கோடு
நிமிர்ந்து ஏறி, பிறகு படுத்தது.
மணி போடாத குடுவையின் கோடு
எழுந்திருக்கவே இல்லை.
"அதுவும் ஏறும். இதே உயரம் வரைக்கும்.
நாமதான் அதுவரைக்கும் இங்க இருக்கமாட்டோம்,"
என்றார் டீச்சர், மலாயில்.

பாலேக் பூலாவுக்கு
வளைந்து வளைந்து ஏறும் பேருந்தை நினைத்துக்கொண்டேன்.
மலையைக் குடைந்து வழி போட்டால்
ஊர் இடம் மாறிவிடாது.
ஏற்றம்தான் இருக்காது.

சீனப் புத்தாண்டு விடுமுறையில்
ஜெலுத்தோங்கில், அண்ணன் வீட்டுப் பதினோராம் மாடியில்,
மீன்தலைக் கறி பாதி தீர்ந்த நேரம்
நான் கேட்டது ஒரே கேள்வி:
"ரெண்டு பேரும் கடைசியா எப்போ பேசிக்கிட்டீங்க?"
அண்ணி அகப்பையைக் கீழே வைத்தார்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
மார்ச் முடிவதற்குள்
அண்ணி பட்டர்வொர்த்தில், அண்ணன் அதே மாடியில்.
குடும்ப வாட்ஸ்அப்பில் சின்னம்மா எழுதினார்:
பத்தொன்பது வருஷத்தைக் கலைக்க ஒரு வாய் போதும்.

போதும்தான் சின்னம்மா.
ஆனால் நீங்கள் யாரும்
அந்தப் போத்தலைத் திறந்து பார்த்ததில்லை.
உறங்கும் அறை ஒன்று, கூடத்துச் சோபாவில் தலையணை ஒன்று,
மின்கட்டணத்தைக்கூட மகன் வழியாகத்தான்
சொல்லிக்கொண்டார்கள்.

தராசு நின்றது: 0.50.
காலையில் போட்ட அதே எடை.
வினையூக்கி வினையில் செலவாவதில்லை
என்று எழுதி, அளவுகோல் வைத்துக் கோடும் போட்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன்.
காலையில் மணிமணியாய் இருந்தது
இப்போது மாவு.
தொட்டால் விரல் ரேகைக்குள் போய் உட்காருகிறது.
மூன்று தடவை சோப்புப் போட்டாகிவிட்டது.

கோட்டுக்குக் கீழே
இன்னும் இரண்டு வரிக்கு இடம் இருக்கிறது.
டீச்சர் கேட்டது எடை மட்டும்.

மழை விட்டதும் ஃபெர்ரிக்குப் போகவேண்டும்.
வியாழக்கிழமைகளில் அண்ணி
எட்டு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார்.
கதவைத் திறப்பாரா தெரியாது.
கை இப்படியே இருக்கட்டும்.