கயிற்றாலைத் தெரு நிறுத்தம்

பதினாலு வருடம் அந்தக் கதவைத்
தாண்டித் தாண்டித்தான் ஓட்டினேன்.
நான்காம் எண் பேருந்து,
கெமி ரயிலடியிலிருந்து துறைமுகம் வரை.
செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு
யாராவது பொத்தானை அழுத்துவார்கள்.
என் தலைக்கு மேல் சிவப்பாய் எரியும்:
நிறுத்தம்.

இறங்குகிறவர்களைத் தெரியும். பெயர் தெரியாது.
கடைசி நொடியில் ஓடிவரும் ரப்பர் காலணிக் கிழவர்.
காகித ஆலைச் சட்டையை ஆலை மூடிய பிறகும்
கழற்றாத ஒருவன்.
மடியில் வட்டத் தகரப்பெட்டியோடு ஒருத்தி.
சீட்டாடப் போகிறார்கள் என்று நினைத்தேன்.
இல்லாவிட்டால் ஏதாவது பாட்டுக் குழு.
பாவம், வேறு வேலையில்லை என்று
எனக்குள் சிரித்துக்கொள்வேன்.
என் இருக்கைக்கடியில் ஒரு பிளாஸ்க்.
அதில் காப்பி இருந்ததாக
எல்லாரும் நம்பினார்கள்,
சில நாள் நானும்.

பிப்ரவரியில் ஒரு காலை, மைனஸ் இருபத்தேழு.
வண்டியைக் கிளப்புமுன் ஊத வேண்டும்,
புதிதாகப் பொருத்திய கருவி.
ஊதினேன்.
அசையவில்லை.
உப்பு மிட்டாய் ஒன்றை மென்று விழுங்கிவிட்டு
மறுபடி ஊதினேன்.
என் மனைவி நம்பியதை
இந்த இரும்பு நம்பவில்லை.
பின்னால் பதினோரு பேர்.
ஒருவரும் வாய் திறக்கவில்லை, எங்கள் ஊர் அப்படி.
யாரோ கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக்கொண்டார்கள்.
இன்றைக்கும் தூக்கத்தில் என்னை எழுப்புவது
அந்தச் சின்னச் சரசரப்பு.

ஏப்ரலில்தான் தொலைபேசியை எடுத்தேன்.
மஞ்சள் கட்டடம், கயிற்றாலைத் தெரு, என்றது ஒரு குரல்.
வழி தெரியுமா என்று கேட்டது.
தெரியும் என்றேன்.

முன்கதவு வழியே போனேன். தப்பு.
வெளிச்சமான கூடம், தரையெல்லாம் ரப்பர் பொம்மைகள்,
ஒவ்வொன்றின் வாயிலும் யாரோ குனிந்து
ஊதிக்கொண்டிருந்தார்கள்.
"முதலுதவி வகுப்புக்கா?"
ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.
பொய்யாகியிருக்காது.

வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றினேன்.
இரண்டு தரம். மூன்று தரம்.
எங்கள் ஏப்ரல் பொல்லாதது,
ஏழு மணிக்கும் வெயில் நிற்கும்,
ஒளிந்துகொள்ள ஒரு துளி இருட்டு தராது.
நான்காம் எண் வந்தது. ஓட்டுவது ஒரு சின்னப் பையன்.
பிரேக்கை முரட்டுத்தனமாய் மிதிக்கிறான்.
தகரப்பெட்டிக்காரி இறங்கினாள்.
என்னை மேலும் கீழும் பார்த்தாள்.
"இன்றைக்கு நீங்களும் இங்கேதானா இறங்குகிறீர்கள்?"

பின்பக்கம் ஒரு கதவு. படி கீழே போகிறது.
படியில் வைத்துச் சொன்னாள்,
திரும்பிப் பார்க்காமல்:
"அன்று காலை வண்டியில் நானும் இருந்தேன்.
அந்தக் கருவி என் காரிலும் இருந்தது.
அதனால்தான் எனக்குப் பேருந்து."

ஒன்பது நாற்காலி. கொதிகலனின் முனகல்.
தகரப்பெட்டியில் ஏலக்காய் பன்.
அவள் பெயர் லெம்பி.
ரப்பர் காலணிக் கிழவர் தாவெத்தி.
எல்லாரும் என் பயணிகள்,
என் பிடரியை மட்டுமே பார்த்தவர்கள்,
இப்போது முகத்தைப் பார்த்தார்கள்.

"நான் இல்மோ" என்றேன்.
அடுத்த வாக்கியம் மூன்றே சொல்.
மனதுக்குள் தெருநீளம் சொல்லிப் பார்த்ததுதான்.
தொண்டைக்குழியில் வந்து நின்றுவிட்டது,
அன்றைய வண்டி மாதிரி.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.
கையுறைகள் ஹீட்டர் மேல் காய்ந்துகொண்டிருந்தன.
கடைசியில் தாவெத்தி இருமினார்.
"மெதுவாகச் சொல்.
நான் மூச்சிரைக்க ஓடி வருகையில்
எத்தனை தரம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
காத்திருந்தாய்."

சொன்னேனா, எப்படிச் சொன்னேன்,
அந்த அறையோடு இருக்கட்டும்.

பிறகு லெம்பி ஒரு கோப்பையை நீட்டினாள்.
நிஜக் காப்பி. கை சுட்டது.
ஊதினேன்.
எதுவும் பூட்டிக்கொள்ளவில்லை.