நான்கு என்பது நான்கல்ல

சூரமங்கலம். இரவு இரண்டு பத்து.
ஜங்ஷனில் கூட்ஸ் வண்டி ஒன்று போய்க்கொண்டே இருக்கிறது.
எங்கள் சர்வர்களுக்கெல்லாம் ஏற்காட்டு ஊர்ப் பெயர்:
நாகலூர், வெள்ளக்கடை, செம்மடுவு, மஞ்சக்குட்டை.
பைக்கில் மலையேறும் இர்ஃபான் வைத்தது.

ஆளுக்கு நான்கு கேள்வி,
சமம் என்று பச்சை காட்டுகிறது திரை.
நாகலூருக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது.
யார் என்ன கேட்டார்களென்று நான் பார்க்க முடியாது,
நீளம் தெரியும்:
அதன் நான்கில் ஒன்று எழுபது பக்கம்,
பாகப்பிரிவினைப் பத்திரமோ என்னவோ.
செம்மடுவின் நான்கும் சேர்ந்தே ஒரு வரி.

தலையை எண்ணியது என் தப்பு.
எடை பார்த்து அனுப்பச் சொன்னேன். வரிசை கரைந்தது.
"பிலோமி, டீ?" என்றான் இர்ஃபான்.

எழுந்தபோதுதான் கண்ணில் பட்டது:
ஒரு மணியிலிருந்து ஒரே ஆள்,
மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை,
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீண்டு.
கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து
மாற்றி மாற்றி அனுப்பியிருக்கிறேன்,
நியாயமாகத்தான்.
போன இடத்திலெல்லாம் புது முகம்.
முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான்
வாயைத் திறக்கிறது ஒவ்வொன்றும்.
ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மாறிய டாக்டரிடம்
என்றைக்கு ஆரம்பித்தது என்று
மறுபடி தொடங்குவோமே, அப்படி.

வெள்ளக்கடையோடு அவரைக் கட்டிவைத்தேன்,
அங்கே ஆறு பேர் நின்றாலும் பரவாயில்லை என்று.

மூன்று நாற்பதுக்குக் கேள்வி நின்றது.
தூங்கிவிட்டாரா, விடை கிடைத்ததா,
அதற்கு இங்கே முள் இல்லை.
பத்து நிமிடம் நினைவில் வைத்திருந்துவிட்டு
இடத்தைக் காலி செய்யும் வெள்ளக்கடை.

பத்தை முப்பதாக்கினேன்.
மேஜையில் டீ ஆடை கட்டியிருந்தது.