பிறகு

மண்டபம் வடகரை, நண்டுக் கம்பெனி.
ராத்திரி கரண்டும் இருந்தது, நெட்டும் இருந்தது.
அதுதான் வினை.
விடிந்து வந்து பார்த்தால் லினக்ஸ்
தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு
சலூனிலிருந்து வந்த பயல்போல உட்கார்ந்திருக்கிறது.

இடப்பக்கப் பட்டியலைக் காணோம்.
பிரிண்டர் படம் போன திசை தெரியவில்லை.
ஆறு வருஷமாய் என் விரல் அறிந்த
தமிழுக்கு மாறும் விசையைத் தட்டினால்
சன்னல்கள் எல்லாம் சுருங்கி
வளைக்குள் ஓடுகின்றன.

"பேரப் போடு தாயி" என்கிறார் சவேரிமிச்சம்.
போட்டேன்.
இங்கிலீஷ் எழுத்தில் ஏதோ உளறியது.
எட்டிப் பார்த்து, "இது நானில்லையே" என்றார்.

பதினாலு கிலோ நானூறு.
ஐஸ் கரைகிறது.

சும்மா கொடுத்தவனை எப்படித் திட்ட?
ஓசிச் சோற்றில் உப்புப் பார்க்கிற மாதிரி.
ஆனாலும்
வாடை எழும்பினால் வள்ளத்தைத் தென்கரைக்கு மாற்றுகிறோம்,
கடல்கூட நாலு நாள் முன்னே
தண்ணீர் நிறத்தில் சொல்லிவிடும்.

தெர்மாகோல் மூடியில் மார்க்கரால் எழுதினேன்:
சவேரிமிச்சம், 14.400.
அவர் கிழித்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரை மூலையில் சின்னதாய் ஒரு பெட்டி.
இன்னும் சில புதுப்பிப்புகள் உண்டு.
இப்போதா, பிறகா?

வேண்டாம் என்பதற்குப்
பொத்தான் இல்லை.