நடுவில் ஒரு நீர்யானை

மூன்று நாள் சிறுத்தை தேடினோம்.
வழிகாட்டியின் பெயர் கெல்வின் ஞ்சோவு.
ஞ்சோவு என்றால் அவர்கள் பேச்சில் யானை.
ஜீப்பை நிறுத்தி இறங்குவார் மிஸ்டர் யானை,
மண்ணில் விரல் வைத்து "நேற்று ராத்திரி" என்பார்.
மறுநாள் வேறு மண்ணில், "இன்று விடியக்காலை."
எங்களுக்குச் சற்று முன்னால்
எழுந்து போய்விட்டிருந்தது அது, எப்போதும்.

மற்றபடி லுவாங்குவா ஆறு குறை வைக்கவில்லை.
அக்டோபர் வெயில் அதைக் கயிறாய்த் திரித்திருந்தது.
கரைச்சுவரின் பொந்துகளிலிருந்து
செம்பஞ்சுருட்டான்கள் கிளம்பின,
குங்குமச் சிமிழ் கைதவறினாற்போல.
ஓர் ஒட்டகச்சிவிங்கி முன்கால்களை அகட்டி
தண்ணீருக்குக் குனிந்து முடிப்பதற்குள்
நான் சொல்ல வேண்டியதைச்
சொல்லியே முடித்திருக்கலாம்.

முட்டாலே பக்கத்தில்தான் இருந்தாள்.
தொப்பி என்னுடையது, வியர்வை அவளுடையது.

லீட்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரே வார்டு, ஒரே ராத்திரி ஷிப்ட்.
அவள் பெயர் என் மொழியில் எதன் பக்கத்து வீடு என்று
முதல் வாரமே சொல்லிவிட்டேன்.
அன்றிலிருந்து போனை எடுத்தால்
"முட்டாள் பேசுகிறேன்" என்பாள், தமிழில்.
'ழ' மட்டும் கடைசிவரை வரவில்லை.
நான் அவளுக்கு எலில்.

அப்பா போன அன்று விமான டிக்கெட்டுக்கு
அவள் எண்ணிக் கொடுத்தது முன்னூறு பவுண்டு.
முதல் வருஷம் கையில் இல்லை.
இரண்டாம் வருஷம் இருந்தது, உறையில் போட்டு ஒட்டினேன்.
மூன்றாம் வருஷம், இவ்வளவு தாமதமாகவா என்று கூசியது.
கூச்சத்தில் போன் செய்வதை நிறுத்தினேன்.
பதினேழு வருஷம்.

கடைசி ராத்திரி.
அவள் வீட்டில் கழிப்பறை முற்றத்தின் கோடியில்.
டார்ச்சோடு போனவள் கதவைத் திறந்தால்
பூசணிப் பாத்திக்குள் ஒரு இருட்டு
மெல்லுகிறது.
"வெளியே வராதே," ஜன்னலிலிருந்து அவள் குரல்.
"ம்வூ."
ம்வூ என்றால் நீர்யானை.
எங்கள் மொழியில் அதுவும் யானைதான் என்றேன், எதற்கோ.
"அதற்கு எந்த மொழியும் தெரியாது. கதவைச் சாத்து."

சாத்தினேன். தாழ்ப்பாளில் துரு.
தகரக் கூரை பகலின் சூட்டை இன்னும் விடவில்லை.
இலைகள் கிழிபடும் சத்தம், அவ்வப்போது ஒரு பெருமூச்சு.
அரை மணி. முக்கால் மணி.
முகம் தெரியாத இருட்டுதான் வசதி போலும்.
"முட்டாலே, உன் பணம்," என்று கத்தினேன்.
"முன்னூறு பவுண்டு."

மெல்லுவது நின்றது.

"முன்னூற்றிப் பத்து," என்றாள்.
"டாக்ஸிக்குப் பத்து. மறந்துட்டியா?"

மெல்லுவது தொடர்ந்தது.

"பணம் நான் கொடுத்தது, போகட்டும்.
போனை நான் உனக்குக் கொடுக்கலையே, எலில்.
அதை எந்த உரிமையில் எடுத்துக்கிட்டே?"

பதில் என்னிடம் இல்லை.
நீர்யானையிடமும் இல்லை.
அவள் கணவர் ஜொசாயா எழுந்துவந்து
யாரோடு சண்டை என்று கேட்டார்.
"தோட்டத்தில் ரெண்டு பேர்," என்றாள்.

விடியும்முன் அது போனது.
தடம் ஒவ்வொன்றும் ஒரு சோற்றுத் தட்டு அகலம்.
மிஞ்சிய பூசணி இலைகளை அவள் பறித்துக்கொண்டிருக்க
உறையை நீட்டினேன்.
கட்டைவிரலை நாக்கில் தொட்டு எண்ணினாள்.
ஒரு தாளை வெயிலுக்குப் பிடித்தாள்.
பிறகு மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாள்,
மூச்சு வாங்கும்வரை.

அந்தத் தாள் செல்லாதாம் இப்போது.
அங்கே மாற்றி எத்தனையோ வருஷமாம்.

ஒன்றை எடுத்து ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினாள்,
மின்சார பில்லுக்குப் பக்கத்தில்.
வாசலில் ஹார்ன்.
மிஸ்டர் யானை. பாலத்தடியில் சிறுத்தையாம்,
உடனே கிளம்பினால் கிடைக்குமாம்.

நிலக்கடலை இடித்துப் போட்டுக்
கீரை கொதித்துக்கொண்டிருந்தது.
சாப்பிட்டுப் போகலாம் என்றேன்.